கீழ்க்குரல்

'பறக்க ஏறக்குறைய தயார்'
என்று பெட்டியின்மேல் எழுதியிருந்தது.
சத்துவாச்சாரி வீட்டின் இரண்டாவது அறையில்
மாமனார் தந்த கட்டில்மேல்
இறக்கை விரித்துப் படுத்திருந்தது அது,
சிவப்பும் மஞ்சளுமாக,
புதுப்பசை வாசனையோடு.
மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்
நான்கு துளையிட்ட ஒரு பலகை.
'ஏறக்குறைய' என்ற சொல்லுக்குள்
மூன்று மாதம் குடியிருந்தோம்.

தணிகைமலை சொன்னான்: மோட்டார் போடு.
எண்ணெய் இல்லை, புகை இல்லை,
பேட்டரியைச் செருகினால் முடிந்தது.
அவனுக்கு மின்வாரியத்தில் வேலை.
ஒரு மதியம் கொண்டுவந்து சுற்றியும் காட்டினான்.
பக்கத்து வீட்டில்
சட்னி அரைக்கிறோம் என்று நினைத்தார்கள்.
கலீமுல்லா மட்டும் முகம் சுருக்கினார்:
"சூரியன் பக்கம் போயிட்டா
எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

எனக்கு நாற்பத்தாறு டூ ஸ்ட்ரோக்மேல் கண்.
கைக்குள் அடங்கும்.
பன்னிரண்டாயிரம் சுற்றில்
வானத்தை நெட்டுக்குத்தாகக் கிழிக்கும்.
என் சம்பளத்தைப் பார்த்து முகம் சுளிக்காத விலை.

எழுபது ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்று
பெங்களூரில் ஒருவரிடம் இருந்தது.
எடை கூடுதல்.
வால்வு இடைவெளியை
பிளேடு கனத்துக்கு அளந்து வைக்கவேண்டும்.
பழையது; விலை மட்டும் புதியது.

இரண்டுக்குமே மெத்தனால் வேண்டும்.
அந்தப் பெயரைச் சொன்னதும்
ராணிப்பேட்டை கடைக்காரர்
முதலில் என் கையைப் பார்த்தார்,
பிறகு தெருவைப் பார்த்தார்.
"குடிக்கவா?"
"பறக்க" என்றேன்.
"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

கலீமுல்லாதான் ஓட்டுவார்.
எங்களில் விரல் உள்ளவர் அவர் ஒருவர்.
விமானம் தலைகீழாகப் போகும்போது
எதிர்ப்பக்கம் தள்ளவேண்டிய குச்சியை
அவர் கட்டைவிரல் யோசிக்காமல் தள்ளும்.
மேல்விஷாரத்தில் தோல்ஷாப் வேலை,
ஷேவிங் மிஷின் முன்னால் பத்தொன்பது வருடம்.

எனக்கு ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் வேலை.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆளை உட்காரவைத்து
பீப் கேட்டால் கை தூக்குங்கள் என்பேன்.
ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில்,
சும்மாதான், அவரை உட்காரவைத்தேன்.

ஐந்நூறு. கை தூக்கினார்.
ஆயிரம். தூக்கினார்.
இரண்டாயிரத்தில் கொஞ்சம் யோசித்தார்.
நாலாயிரம்.
ஒலியைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன்.
அவர் தாடியைத் தடவிக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்,
நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து.

காகிதத்தில் அந்தக் கோடு
சமமாகப் பறந்துவந்து
ஸ்டால் ஆகி
மூக்குக்குத்த விழுந்திருந்தது.

டூ ஸ்ட்ரோக்கின் ஊசியைக்
கண்ணால் திருகமுடியாது.
கீச்சுக்குரல் எந்த நொடியில் தெளிகிறது என்று
காதுதான் சொல்லவேண்டும்.
ஃபோர் ஸ்ட்ரோக் பேசுவது கீழ்க்குரலில்,
பாலாற்றுப் பாலத்தில் புல்லட் ஏறுவதுபோல.
பாதி நெஞ்சிலேயே கேட்டுவிடும்.

"எழுபதையே வாங்கிடலாம்" என்றேன்.
"எடை?"
"பேட்டரியைப் பின்னால தள்ளிக்கலாம்."
காரணம் கேட்கவில்லை.
காகிதத்தை ஒரு தடவை பார்த்தார்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விரிஞ்சிபுரம் பக்கம், காலை ஆறரை.
தண்ணீர் ஓடவேண்டிய இடத்தில்
தார்ப்பாய் விரித்து ஓடுதளம்.
கார்புரேட்டருக்குள் மணல் போகாமலிருக்க
என் மனைவி ஹெப்சிபாவின் பழைய காலுறைத் துண்டு.
தணிகைமலை வாலைப் பிடித்துக்கொண்டான்.
விளக்கெண்ணெய் கருகும் வாசனை.
எஞ்சின் இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டுப்
பேசத்தொடங்கியது.
கலீமுல்லா தலையைச் சாய்த்து
இரண்டு விரலால் ஊசியைத் திருகினார்,
நிறுத்தினார், திருகினார்.
"இப்ப சரி."

இன்னும் இரண்டு கிளிக் இறுக்கலாம்.
எனக்குக் கேட்டது.
சொல்லவில்லை.
கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிற எஞ்சின்
நடுவானில் நிற்காது.

தணிகைமலை வாலை விட்டான்.